இரண்டாம் பக்கத்தில் செத்தவள்

அன்புள்ள மருமகளுக்கு,

பத்திரிகையில் வந்த உன் கதையைப் படித்தேன். பள்ளிக்கூடம் போகாமல் கடைப் பலகைகளைப் பார்த்து எழுத்துக் கற்றவள் நான். மெதுவாகத்தான் படித்தேன், ஆனால் ஒரு வரி விடவில்லை. அதில் வரும் மாமியார் நான்தான். இரண்டாம் பக்கத்திலேயே சாகடித்துவிட்டாய். அதனால்தான் இத்தனை நாள் உன்னோடு பேசவில்லை. பேசாதது தப்பு என்று இப்போதும் நான் நினைக்கவில்லை.

நேற்று உன் புருஷன் போன் செய்தான். "அம்மா, அவ எழுதறதையே விட்டுட்டா. ஸ்கூல் வேலைக்கே நேரம் சரியா இருக்குங்கறா" என்றான்.

"யார் காதுலடா பூ சுத்தறா?" என்று கேட்டேன். பரீட்சைத் தாள் கட்டை மடியில் வைத்துக்கொண்டே கதை எழுதியவள் நீ. உனக்கா நேரமில்லை?

நான் கோபப்பட்டது நீ என்னைக் கொன்றதற்கு, எழுதியதற்கு அல்ல. அடுத்த கதையிலாவது கடைசிப் பக்கம் வரை உயிரோடு வை. உன்னைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்வதற்குள் அந்த மாமியார் போய்விட்டாள்.

சனிக்கிழமை வருகிறேன். குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு எழுது. காபி வேண்டுமா என்று கேட்கக்கூடத் தட்ட மாட்டேன்.

கோபம் தீராத
உன் அத்தை