இன்றைய தேதியில் வந்த செய்தி

மார்ச் 3, செவ்வாய்

காலையிலிருந்து பழைய போன், புது போன் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்துக்கொண்டு காவல் காத்தேன். பழையதின் திரையில் பாதிதான் தெரிகிறது, அதை வைத்தே ஒருவழியாக இணைத்து, உள்ளே இருப்பதையெல்லாம் புதியதுக்கு மாற்றவிட்டேன். அறுபத்து மூன்று சதவீதத்தில் மூன்று மணி நேரம் நின்றது. பிறகு திடீரென்று ‘முடிந்தது’ என்றது. என்ன முடிந்ததோ! பெயர்கள் வந்திருக்கின்றன, பாதிப் பேருக்கு நம்பர் இல்லை. சிலர் இரண்டிரண்டாக வந்திருக்கிறார்கள். படங்களில் போன வருடத்து வரைதான். குறுஞ்செய்திகள் மட்டும் மூட்டை மூட்டையாக இறங்கியிருக்கின்றன.

சரிபார்க்கலாம் என்று பழையதை எடுத்தால் அது முழுக்கக் கண்ணை மூடிவிட்டது.

நோயாளிகளின் பல் நிறத்தைக் காட்டப் பல் டாக்டர்கள் அனுப்பிய படங்கள் எல்லாம் அதற்குள். நாளை லேபில் மூன்று கேப், அதாவது பல் உறை, செய்து கொடுக்க வேண்டும். எந்த வாய்க்கு எந்த வெள்ளை என்று சொல்வேன்? லேப் முதலாளி ஏற்கெனவே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்.

மார்ச் 4, புதன்

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாகத்தான் வரும்.

சாப்பாட்டு வேளையில் டாக்டரம்மாவின் செய்தியைத் தேடிக்கொண்டிருந்தேன். தெரியாத நம்பரிலிருந்து ஒன்று. மார்ச் 3 என்று தேதி. ‘பாப்பா அப்பாவுக்கு மூச்சு வாங்குது உடனே கிளமபி வா இது பக்கத்து பெட்காரர் போன் அண்ணன்.’

அப்பா போய் நாலு வருஷம் ஆகப்போகிறது.

யாராவது விளையாடுகிறார்களா? என்னைப் பாப்பா என்று கூப்பிடுகிற ஆள் உலகத்திலேயே ஒருத்தன்தான். அவனோடு நான் பேசுவதில்லை. அவன் இப்படி விளையாடுகிறவனும் இல்லை.

அந்த நம்பருக்கு அடித்துப் பார்த்தேன். உபயோகத்தில் இல்லையாம்.

மாலை — நிதானமாக எழுதிப் பார்க்கிறேன். அப்பா போனது மாலை ஐந்து பத்துக்கு. எனக்கு விஷயம் தெரிந்தது ஏழு மணிக்கு, அண்ணன் வீட்டுக்குப் போய்த் தன் போனுக்குச் சார்ஜ் ஏற்றிய பிறகு. மறுநாள் காலையில் போய் நின்றேன். ஏண்டா முன்னாடியே சொல்லலை என்று கேட்டேன். கூப்பிட்டால் லைன் கிடைக்கவில்லை, மதியமே பக்கத்துப் படுக்கைக்காரர் போனிலிருந்து செய்தி அனுப்பினேனே என்றான். நான் என் போனைத் திறந்து, அத்தை, சித்தப்பா, வந்திருந்த எல்லார் முன்னாலும் தூக்கிக் காட்டினேன். எங்கே இருக்கு, காட்டு, காட்டு என்று. இல்லை. பொய்யன் என்றேன். அப்பாவைக் கிடத்தியிருந்த கூடத்திலேயே சொன்னேன்.

அந்தச் செய்திதானா இது? அப்படியானால் நாலு வருஷமாக எங்கே இருந்தது?

மார்ச் 5, வியாழன்

வேலைக்கு நடுவில் அனுமதி கேட்டுக்கொண்டு போன் ரிப்பேர் கடைக்கு ஓடினேன். கடையை நடத்துகிற அக்கா நெற்றியில் பூதக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். இப்படி மாற்றும்போது சில நேரம் எல்லாச் செய்திக்கும் மாற்றிய நாளே தேதியாக விழுந்துவிடுமாம். என் பட்டியலை உருட்டிக் காட்டினார். உண்மைதான், போன தீபாவளி விளம்பரம்கூட மார்ச் 3 என்றுதான் நிற்கிறது.

பழைய போனில் இதை நான் பார்க்கவே இல்லையே என்றேன். ‘தெரியாத நம்பர்னா விளம்பரம்னு நினைச்சு அதுவே தனியா ஒதுக்கி வச்சுடும்மா. அந்த மூலையை யாரும் திறந்து பார்க்க மாட்டாங்க. புதுசுக்கு இந்த ஒதுக்கல் எல்லாம் தெரியாது, மொத்தமா கொட்டிடும்.’

அப்போ உண்மையான நேரம்? பழையதில்தான் இருக்கும். தற்காலிகமாக வேறு திரை பொருத்தினால் பார்க்கலாம். திரை வர இரண்டு நாள்.

நேரம்தான் எல்லாமே. ஊருக்குப் பேருந்தில் மூன்று மணி நேரம். மதியம் அனுப்பியிருந்தால் அவன் சொன்னது உண்மை. ஐந்து மணிக்கு மேல் அனுப்பியிருந்தால்? கண்துடைப்புக்காகப் பிறகு ஒன்றைத் தட்டிவிட்டிருந்தால்?

அப்படித்தான் இருக்க வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது. வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அடித்துக்கொள்கிறது.

மார்ச் 6, வெள்ளி

திரை வரவில்லை. மூன்று தடவை கேட்டுவிட்டேன். நான்காவது தடவை அந்த அக்கா எடுக்கவில்லை.

மார்ச் 7, சனி

திரை வந்தது. ஆகஸ்ட் 19, அப்பா போன நாள். மதியம் 12.47.

ஒரு மணி பேருந்தைப் பிடித்திருக்கலாம். நாலு மணிக்குப் போயிருப்பேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்பா இருந்திருக்கிறார்.

கடை அக்கா ஸ்டூலை நகர்த்தி உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து, பழைய போனைக் கொடுத்துப் புதியதில் தள்ளுபடி வாங்கப்போவதாக உங்க வீட்டுக்காரர் சொன்னாரே, எல்லாத்தையும் அழிச்சிடவா என்று கேட்டார். வழக்கமாகக் கேட்கிற கேள்விதான்.

அழித்தால் முடிந்தது. என்னையும் இந்த அக்காவையும் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அண்ணன் பொய்யனாகவே இருப்பான். நான் ஏமாற்றப்பட்டவளாகவே இருப்பேன்.

நாளைக்குச் சொல்றேன்க்கா என்று போனைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

இவரிடம் சொல்லவில்லை. துவைத்த துணியையே மறுபடி துவைத்தேன்.

மார்ச் 10, செவ்வாய்

முன்பல் கேப் ஒன்றை ராவி ராவி, கடைசியில் ஓட்டை விழுகிற அளவுக்கு மெலிதாக்கிவிட்டேன். இருபத்திரண்டு வருஷ அனுபவம்! முதலாளி அதை விரல் நுனியில் வைத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, வீட்ல ஏதாவது பிரச்சினையா என்றார். இல்லை என்றேன்.

இந்த நாலு வருஷத்தில் அண்ணன் மகள் கல்யாணத்துக்குப் போகவில்லை. பத்திரிகை தபாலில் வந்தது. பிரிக்காமலே செய்தித்தாள் கட்டோடு போட்டேன். அண்ணிக்கு அறுவை சிகிச்சை என்று கேள்விப்பட்டபோதும் போகவில்லை. நான்தான் பாதிக்கப்பட்டவள் என்று நினைத்து எவ்வளவு நிம்மதியாகக் கோபமாக இருந்தேன்.

மார்ச் 11, புதன்

பழைய போன் எங்கே, இன்றோடு தள்ளுபடி முடிகிறது என்று இவர் கேட்டார். தர மாட்டேன் என்றேன். ஏன்? சொல்லிவிட்டேன். எல்லாம்.

தட்டைத் தள்ளி வைத்தார். ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்தேனா? அவர் சொன்னது இதுதான்: ‘அன்னிக்கு உனக்காக நானும் உங்க அண்ணன் சட்டையப் பிடிச்சேன். அதை நீ பார்க்கலை. வெளியில வச்சு.’

எனக்குத் தெரியாது. நாலு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் தெரியாது.

உங்க அண்ணனைப் பார்க்க நானும் வரேன் என்றார். முதலில் நான் போகிறேன் என்றேன்.

மார்ச் 14, சனி

போய்விட்டு வந்தேன்.

பேருந்தில் ஆயிரம் வார்த்தைகள் அடுக்கி வைத்தேன். அண்ணி கதவைத் திறந்ததும் அண்ணன் இருக்கானா என்று மட்டும் கேட்டேன். இளைத்துப்போயிருக்கிறாள். வா என்று சொல்லவில்லை, ஆனால் வழிவிட்டாள்.

அண்ணன் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிற காக்கிச் சட்டையைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. பழைய போனைத் திறந்து அவன் கையில் வைத்தேன். தள்ளிப் பிடித்தான், கிட்டப் பிடித்தான். மெதுவாகப் படித்தான்.

‘கிளம்பிக்குப் புள்ளி வைக்காம விட்டிருக்கேன்’ என்றான்.

அப்புறம் தேதியைப் பார்த்தான். நேரத்தை விரலால் தொட்டான். அவன் உதடு கோணியது.

‘நீ அவ்வளவு அடிச்சுச் சொன்னதும் எனக்கே சந்தேகம் வந்திடுச்சு. அனுப்புறதை அழுத்துனேனா, இல்ல அழுத்தாமலே அந்த ஆள்கிட்ட போனைக் குடுத்துட்டேனான்னு. நாலு வருஷமா இதே நினைப்பு. வண்டி ஓட்டும்போதுகூட.’

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். தப்பு பண்ணிட்டேண்ணா என்றேன். அவன் தலையைத் தடவுவான் என்று ஒரு நப்பாசை. தடவவில்லை.

அப்பா என்னைக் கேட்டாரா என்று கேட்டேன். இந்தக் கேள்விக்காகத்தான் நாலு வருஷம் சண்டை போட்டேனோ என்னவோ.

கேட்டார் என்றான். வந்துட்டு இருக்கா, பஸ்ல இருக்கா என்று சொல்லிக்கொண்டே இருந்தானாம். அப்பா அதை நம்பித்தான் கண்ணை மூடினாராம்.

அண்ணி அடுப்படியில் மூக்கைச் சிந்தினாள்.

கிளம்பும்போது வாசல் வரை வந்தான். ‘எங்கிட்ட சொன்னது சரி. அன்னிக்கு யார் யார் முன்னாடி போனைத் தூக்கிக் காட்டினியோ, அவங்ககிட்டயும் சொல்லு’ என்றான். கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னான். அதுதான் இன்னும் குத்துகிறது.

மார்ச் 17, செவ்வாய்

பதினொரு பேர். யோசித்து யோசித்துப் பட்டியல் போட்டேன். அதில் இரண்டு பேர் இப்போது இல்லை.

மார்ச் 18, புதன்

அத்தைக்குப் பேசினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, இப்ப எதுக்குடி இதையெல்லாம் கிளறுற என்றாள். கிளறலை அத்தை, அண்ணன் பொய் சொல்லலைன்னு சொல்றேன் என்றேன். ஏழு மணிக்கு அவளே திருப்பி அழைத்து, அன்று அண்ணனைத் தானும் நாலு வார்த்தை பேசிவிட்டதாக அழுதாள்.

சித்தப்பாவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. நீ நல்லா இருக்கியா என்று மட்டும் கேட்டார்.

மார்ச் 21, சனி

ஒன்பது பேரிடமும் சொல்லியாயிற்று. அண்ணனிடமிருந்து எதுவும் இல்லை. போன் மணி அடிக்கும்போதெல்லாம் ராவுகிற இயந்திரத்தை நிறுத்துகிறேன். முதலாளி பார்க்கிறார்.

அவன் பேசாமலே இருந்துவிட்டால்? இருக்கட்டும். அவனுக்கு அந்த உரிமை உண்டு.

— இல்லை, இருக்கட்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சும்மா எழுதினேன்.

மார்ச் 24, செவ்வாய்

இவர் தனியாக அண்ணனுக்குப் பேசியிருக்கிறார். என்ன பேசினார் என்று சொல்லவில்லை.

மார்ச் 29, ஞாயிறு

காலை பத்து மணிக்கு அண்ணன் கூப்பிட்டான். நலம் விசாரிக்கவில்லை. நேராக விஷயத்துக்கு வந்தான். வியாழக்கிழமை காலை அவனுக்கு வலது கண்ணில் புரை எடுக்கிறார்களாம். சின்ன ஆபரேஷன்தான், அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், பயப்பட ஒன்றுமில்லை என்று யாரோ எழுதிக் கொடுத்ததைப் படிக்கிற மாதிரிச் சொன்னான்.

பிறகு ஒரு பேனா எடுத்துக்கொள்ளச் சொன்னான். தன் நம்பர், அண்ணி நம்பர், கண் மருத்துவமனை வரவேற்பறை நம்பர். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சொன்னான். திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டான். ஒன்று கிடைக்காவிட்டால் அடுத்ததற்கு அடிக்க வேண்டுமாம்.

மூன்றையும் இந்த நோட்டின் உள்ளட்டையில் எழுதியிருக்கிறேன். முதலாளியிடம் விடுப்பு கேட்டாயிற்று. புதன்கிழமை மதியமே நாங்கள் இருவரும் கிளம்புகிறோம்.