உட்கார வைத்து எடுத்த அளவு

ஜூன் 9, 2025. திங்கள்

பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்து இதே பாடுதான். சுருக்கு, பிரி, நீட்டு என்று முத்தாபுதுப்பேட்டையில் பாதிப் பேர் என் வீட்டு வாசலில் நிற்கிறார்கள். முதுகு விட்டுப்போச்சு.

சாயங்காலம் இவர் ஒரு கட்டைப்பையைக் கொண்டுவந்து தையல் மெஷின் மேல் வைத்தார். உள்ளே கருநீலத் துணி, கூடவே ஒரு பழைய பேன்ட்.

"இன்னாது இது?"

"நாகு குடுத்தனுப்பிச்சா. அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு கம்பெனிக்கு வேன் ஓட்டப் போறாளாம். பேன்ட்டுதான் போடணுமாம். அளவுக்குப் பேன்ட்டு உள்ள கீது."

நாகவல்லி, இவருடைய ஒரே தங்கை. பட்டாபிராமில்தான் இருக்கிறாள். போன ஆவணியில் என் மகள் மதிவதனிக்கு மஞ்சள் நீராட்டு வைத்தோம். முதல் தண்ணீர் அத்தைதான் ஊற்ற வேண்டும். பந்தல் வந்தது, மேளம் வந்தது, அத்தை வரவில்லை. போன் போட்டால், "வர முடில அண்ணி," அவ்வளவுதான், கட். வந்தவர்கள் எல்லோரும் "அத்தைக்காரி எங்க?" என்று என்னைத்தான் குடைந்தார்கள். மதியோ மணையில் உட்கார்ந்துகொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு நின்ற பேச்சு.

பேச்சு வேண்டாம், பேன்ட் மட்டும் வேண்டுமாம். நல்லா இருக்குடி ஞாயம்!

ஜூன் 11

வெட்டிவிட்டேன். அளவுக்கு அனுப்பியது அவள் புருஷன் வேலுசாமியின் பேன்ட். ஆளோ தொப்பைக்குக் கீழே பேன்ட் போடுகிறவர். அதனால் இடுப்புப் பட்டியிலிருந்து கவட்டுத் தையல் வரைக்கும் உயரம் ரொம்பக் குட்டை. பாவம், அவள் பிறந்ததிலிருந்து பேன்ட் போட்டதில்லை, அளவுக்குக் கொடுக்க வேறு எதுதான் இருக்கும்?

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எதுக்குக் கேட்கணும்? இங்கே யார் உடம்பைக் காட்டி அளவு கொடுக்கிறார்கள்? எல்லோரும் பழைய துணியைத்தான் கொடுத்தனுப்புகிறார்கள். கொடுத்த அளவுக்குத் தைத்தேன், என் வேலை முடிந்தது.

ஜூன் 15

பேன்ட் போய்ச் சேர்ந்தது. நன்றி என்று ஒரு சொல் கிடையாது.

ஜூன் 19

திரும்பி வந்துவிட்டது! "உக்காந்தா முன்னால அறுக்குதாம்," என்றார் இவர்.

அறுக்குது என்றால் டைட். டைட் என்றால் பக்கத் தையலைப் பிரித்து விடுவதுதான் எல்லோரும் செய்வது. இரண்டு பக்கமும் அரை இன்ச் விட்டுக் கொடுத்தனுப்பினேன். மதி கேட்டாள், "அத்தைக்கு நீயே போன் பண்ணிக் கேக்கலாம்ல?" உன் வேலையைப் பார் என்றேன்.

ஜூன் 24

மறுபடியும் வந்துவிட்டது. இந்தத் தடவை இவர் முகமே சரியில்லை.

"நாலு நாளா வேன் எடுக்கலியாம். உக்கார முடிலன்றா. இன்னொரு லீவு போட்டா வண்டிய வேற ஆளுக்குக் குடுத்துருவாங்களாம். வேலுசாமி சொல்லிகினு இருந்தான், ரெண்டு நாளா சோறுகூடத் துன்லியாம்."

நாகுவுக்கு வண்டி என்றால் உசுரு. சின்ன வயதிலேயே இவர் டிவிஎஸ்ஸை இவருக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு போய்ப் பால் வாங்கி வருவாளாம். லைசென்ஸ் வாங்க ஒரு வருஷம் அலைந்தாள். அது கையில் வந்த அன்று ஊருக்கே லட்டு கொடுத்தாள், எனக்கும்தான். அப்போது எங்களுக்குள் பேச்சு இருந்தது.

பேன்ட்டைத் திருப்பிப் பார்த்தேன். முன்பட்டியின் உள்பக்கம் ஒரு கைக்குட்டையை மடித்துக் கையால் தைத்து வைத்திருக்கிறாள். எதுக்கு? பக்கத்தில் நான் தளர்த்திவிட்டதில் பேன்ட் இன்னும் கீழே இறங்கியிருக்கும். அப்படியென்றால் பட்டி போய் எங்கே உட்கார்ந்திருக்கும்? அங்கே என்ன அப்படி அறுக்கிறது?

துணியிடம் கேட்டால் துணி சொல்லுமா? அவளைத்தான் கேட்க வேண்டும். அவள் வரமாட்டாள். நான் போகணுமா? நான் எதுக்குப் போகணும்?

ஜூன் 25

போனேன்.

ஷேர் ஆட்டோவில் டேப்பையும் மூன்று முழம் நாடாவையும் பையில் போட்டுக்கொண்டு, அங்கே போய் என்னென்ன பேசக்கூடாது என்று யோசித்துக்கொண்டே போனேன். கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஆள் பாதியாகிவிட்டாள்.

"அண்ணி..."

"அளவு எடுக்க வந்தேன். சேர் இருக்கா?"

பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வைத்தேன். நாளெல்லாம் உட்கார்ந்து ஓட்டுகிறவளுக்கு நின்றபடி அளவெடுத்துப் பிரயோஜனமில்லை. இடுப்பில் நாடாவைக் கட்டி, நாடாவிலிருந்து நாற்காலிப் பலகை வரை பக்கவாட்டில் டேப் விட வேண்டும். அதோடு கொஞ்சம் தளர்வு சேர்த்தால் அதுதான் அவளுக்கு வேண்டிய உயரம்.

பேன்ட் பட்டி வரும் இடத்தில் நாடாவைக் கொண்டுபோனேன். சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்க வேணாம் அண்ணி."

"பின்ன எங்கடி கட்றது, கழுத்துலயா?"

அவள் சிரிக்கவில்லை. நைட்டியை ஒதுக்கிக் காட்டினாள். அடிவயிற்றில் குறுக்கே ஒரு தழும்பு. அதன் மேல் பட்டி உரசி உரசிப் புண்ணாகிச் சிவந்து கிடந்தது.

"கர்ப்பப்பைய எடுத்துட்டாங்க அண்ணி. போன ஆவணில. மதிக்குத் தண்ணி ஊத்தின அன்னிக்கு நான் ஆஸ்பத்திரில கெடந்தேன். போன் பண்ணியே நீ, அப்பதான் மயக்கம் தெளிஞ்சிது."

எனக்குக் கோபம்தான் வந்தது. "அடிப்பாவி, ஏண்டி சொல்லல? நான் இன்னா செத்தா போய்ட்டேன்? ஓடி வந்துருக்க மாட்டேன்?"

"அதான் சொல்லல. நீ பந்தல உட்டுட்டு ஓடி வருவ. கொழந்தைக்கு நல்லது நடக்கற அன்னிக்கு, எனக்கு எல்லாம் போச்சுன்னு எந்த வாயால சொல்றது? ஏற்கெனவே பத்து வருசமா விசேசத்துக்கு வந்தா, 'இன்னும் ஒண்ணும் இல்லியா?'ன்னு கேக்கறாங்க. அப்புறம் சொல்லலாம்னா நீ பேச்ச நிறுத்திட்ட."

நிறுத்தினது ரெண்டு பேரும்தான்னு சொல்ல வாயெடுத்தேன், முழுங்கிட்டேன். பத்து மாசமா இதைத் தனியா சுமந்துகினு இருந்திருக்கா. அந்தப் புண்ணு மேலேயே பட்டி உட்கார்ற மாதிரி பேன்ட் தெச்சுக் குடுத்திருக்கேன். அதுவும் பத்தாதுன்னு இன்னும் கீழ எறக்கி உட்டிருக்கேன். ரெண்டு பேரும் அழுது முடிக்கிற வரைக்கும் டேப் அவள் மடியிலேயே கிடந்தது.

அப்புறம் நாடாவைத் தொப்புள் மேல் கட்டினேன். "இங்க?" "இங்க ஒண்ணும் பண்ணல." அங்கிருந்து அளந்தேன். வேலுசாமி பேன்ட்டைவிட மூன்று இன்ச் உயரம் கூடுதல்.

கிளம்பும்போது சொன்னாள்: "அண்ணனாண்ட சொல்லாத. நானே சொல்றேன், எப்பயாவது."

ஜூன் 26

துணி மிச்சம் இல்லை. முன்னாடியே மதியின் பாவாடைக்கு வாங்கி வைத்த கருநீலம் பெட்டியில் இருந்தது, அதை எடுத்துவிட்டேன். மதியிடம் அத்தைக்கு என்றதும் "எடுத்துக்கோ, எடுத்துக்கோ" என்றாள்.

முன்பக்கம் தொப்புள் வரை ஏறுகிற மாதிரி வெட்டினேன். பின்பக்கம் அதைவிட உயரம் வைத்தேன்; உட்காரும்போது முதுகுப் பக்கம்தான் கீழே இழுக்கும். முன்பட்டியில் ஊக்கு, பட்டன் ஒன்றும் வேண்டாம். பின்னால் எலாஸ்டிக், பக்கத்தில் ஜிப். கவட்டுத் தையலை இரண்டு தடவை ஓட்டினேன்.

இவர் எட்டிப் பார்த்து, "இன்னாமே, பேன்ட்டு மார் வரிக்கும் வருது?" என்றார்.

"உனக்குத் தெச்சா சொல்லு."

ஜூன் 28

நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள், எழுந்தாள், குனிந்தாள். மறுபடி உட்கார்ந்து கிளட்ச் மிதிக்கிற மாதிரி இடது காலை நீட்டினாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணுமே போட்டுகினு இல்லாத மாதிரி கீது அண்ணி."

"அப்டியே ரோட்ல போயி சொல்லாத," என்றேன். கெக்கெக்கே என்று சிரித்தாள். எத்தனை நாள் ஆச்சு அந்தச் சிரிப்பைக் கேட்டு!

ஜூலை 1

வேன் எடுத்துவிட்டாளாம்.

ஜூலை 8

யார் பேன்ட் அளவு கொடுக்க வந்தாலும் நாற்காலியில் உட்கார வைக்கிறேன். பழைய துணியோடு வருகிறவர்கள் முறைக்கிறார்கள். ஒருத்தி "இன்னாக்கா, டாக்டர் மாதிரி பண்றே?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

இவருக்கு இன்னும் மண்டை குடைச்சல். "ஒரு பேன்ட்டு தெச்சா சண்ட பூடுமா?" சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரை வரும். அது அவள் சொல்ல வேண்டியது. நான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன், எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும்.

ஆகஸ்ட் 3. ஞாயிறு

மத்தியானம் வாசலில் வேன் சத்தம். மதி "அத்தே!" என்று ஓடினாள். நாகு கையில் மல்லிகைப்பூ, மதிக்குப் பட்டுப் பாவாடைத் துணி, அடுத்த பேன்ட்டுக்குக் கருநீலம். மதியை உட்கார வைத்துத் தலை நிறையப் பூ வைத்துவிட்டாள். "போன வருசம் வெக்க வேண்டியது," என்றாள். இவர் புரியாமல் பார்த்தார்.

"உக்காருண்ணா. உன்னாண்ட ஒண்ணு சொல்லணும்."

நான் மதியைக் கூட்டிக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டேன். சாம்பாருக்கு இரண்டு தடவை உப்புப் போட்டிருக்கிறேன், சாப்பிடும்போதுதான் தெரிந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இவர் கண் சிவந்திருந்தது. தங்கை தட்டில் அவரே சோறு போட்டுக்கொண்டிருந்தார்.

சாப்பிட்டதும் மெஷினுக்கு வந்தேன். துணியை உதறிப் பார்த்துவிட்டு, "அளவு பேன்ட் எங்கடி?" என்று கேட்டேன்.

"நானே வந்துகீறேனே அண்ணி, அளவு எதுக்கு?"

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஆணியில் தொங்கிய நாடாவை அவளே எடுத்துத் தொப்புள் மேல் கட்டிக்கொண்டு, எனக்காகக் கையைத் தூக்கிக் காத்திருந்தாள்.