ஒற்றைக் கோட்டில் அடித்த இரண்டு பக்கங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை வாஷியில் என் மகன் வாங்கப்போகும் ஃபிளாட்டைப் பார்க்கப் போயிருந்தோம். மருமகள் வாஸ்து பார்க்கிறவர் ஒருவரையும் கூட்டி வந்திருந்தாள். அவர் வாசலில் இரும்புக் கம்பிக் கதவை ஒட்டி நின்று காம்பஸை நீட்டி, "தென்கிழக்கு" என்று உதட்டைப் பிதுக்கினார். மருமகளுக்கு முகம் விழுந்துவிட்டது. எனக்கோ சிரிப்பை அடக்க முடியவில்லை. "நாலடி தள்ளி வந்து பாருங்கோ" என்றேன். தள்ளி வந்தார். முள் ஆடி அசைந்து நேர் கிழக்கைக் காட்டியது. "மாஜி, உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். "காலேஜில் படித்தது" என்றேன்.

அது பாதி உண்மை. மீதிப் பாதியை உன்னிடம்தான் சொல்ல வேண்டும். நீ போய் எட்டு மாதமாகிறது. தாமதம்தான். அதற்கும் நானே பொறுப்பு.

நாம் ஜியாலஜி பி.எஸ்ஸி. சேர்ந்த வருடம் வகுப்பில் மொத்தம் பதினோரு பேர், அதில் பெண்கள் நாம் இருவர். கல்லைப் படித்தால் யார் கட்டிக்கொள்வார்கள் என்று மாதுங்காவில் என் அம்மாவுக்குக் கவலை. தாராவியில் உன் அப்பாவுக்கு அந்தக் கவலை இல்லை. தன் பட்டறையில் பழைய லாரிப் பட்டையை அடித்து நமக்கு ஆளுக்கொரு சுத்தியல் செய்து கொடுத்தார். ஒரு முனை சதுரம், மறு முனை உளி. கல்லூரியில் கொடுத்த சுத்தியல்கள் எல்லாம் மழுங்கிப்போன பிறகும் அவை மழுங்கவில்லை.

பஸ்ஸில் போகும்போதே பாடம் படிப்போம். டால்க், ஜிப்சம், கால்சைட் என்று மிக மெதுவானதில் தொடங்கி கனிமங்களின் கடினத்தை வரிசையாக ஒப்பிப்பாய். நகத்தால் கீறி ஜிப்சத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதால் பரீட்சை முடியும்வரை நீ நகம் வெட்டவில்லை. வீட்டு வேலை செய்யாத என் நகத்தைப் பார்த்து, "இத வெச்சுக்கிட்டு டால்க்கக்கூட கீற முடியாதுளா" என்று கேலி செய்வாய்.

வேலை என்று வந்தபோதுதான் விஷயம் புரிந்தது. சுரங்கத்துக்குள் பெண்கள் இறங்கச் சட்டம் விடாது. காட்டு முகாமில் கூடாரம் போட்டுத் தங்க நம்மை யாரும் கூப்பிடவில்லை. மிஞ்சியது ஒரே கதவு. கோட்டைப் பகுதியில் ஒரு தனியார் கம்பெனி தன் பரிசோதனைக்கூடத்துக்கு ஒரே ஒரு ஆள் எடுப்பதாகச் சொன்னார்கள். கடைசி வருடத்து நிலப்படத்தையும் களக் குறிப்பேட்டையும் பார்த்துத்தான் எடுப்பார்களாம். உனக்கு அது கிடைக்காவிட்டால் ஊருக்குப் போய் டீச்சர் டிரெய்னிங் சேர வேண்டும். உன் அத்தை அங்கே இடம் பேசி வைத்திருந்தாள். "பிள்ளைய மேய்க்கதுக்கா இம்புட்டுக் கல்லு சுமந்தேன்?" என்று கேட்டாய்.

படத்துக்காக நாம் செம்பூருக்கு அப்பாலுள்ள குன்றுகளை எடுத்துக்கொண்டோம். பழைய எரிமலைப் பாறைக்குள் பின்னால் புகுந்த குழம்பு, சுவர் மாதிரி இறுகி நிற்கும் இடம் அது. சுவர் எந்தத் திசையில் ஓடுகிறது என்று இருபது முப்பது இடங்களில் காம்பஸ் வைத்து அளக்க வேண்டும். நான் அளந்து சொல்வேன், நீ குறிப்பேட்டில் எழுதுவாய். இரண்டு நாள் அப்படித்தான் செய்தோம்.

இரண்டாம் நாள் மத்தியானம் பாறைமேல் உட்கார்ந்து புள்ளிகளைத் தாளில் வைத்துப் பார்த்தாய். கண்ணெதிரே நேராக ஓடும் சுவர், தாளில் நெளிந்து கிடந்தது. என் அளவையும் பாறையையும் மாறி மாறிப் பார்த்தாய். அப்போது காற்றில் என் முந்தானை விலகியது.

"ஏளா, இடுப்புல என்னது?"

சுத்தியல். ரயிலில் எல்லோரும் வெறித்துப் பார்க்கிறார்கள் என்று அதைப் புடவை மடிப்பில் செருகி, மேலே முந்தானையால் மூடியிருந்தேன். கூச்சத்தில் மூடியதை மறந்தும் போனேன். இடுப்பில் இரும்பு, அதற்கு ஒரு சாண் தள்ளி காம்பஸ்; இரும்பு முள்ளைத் தன் பக்கம் இழுத்துவிடும். முதல் வருடப் பிள்ளைகள்கூடச் செய்யக் கூடாத தப்பு.

"ரெண்டு நாளா பாறைய அளந்தியா, உன் இடுப்ப அளந்தியா?" என்று விழுந்து விழுந்து சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அந்த ரெண்டு பக்கத்தையும் கிழிச்சுடலாம்டி. யாருக்குத் தெரியப்போறது?" என்றேன்.

"கிழிச்சா அது நோட்டா? ஒத்தக் கோடு போட்டு அடி. பக்கத்துல காரணம் எழுது. அதான சொல்லிக் குடுத்திருக்கு."

நீயே கோடு போட்டாய். ஓரத்தில் ஆங்கிலத்தில் 'சுத்தியல் அருகில் இருந்தது' என்று எழுதினாய். யாருடைய சுத்தியல் என்று எழுதவில்லை. அடுத்த ஞாயிறு சர்ச்சுக்குப் போகாமல் வந்தாய். "ஆண்டவர் இங்கயுந்தான் இருக்காரு. முள்ளு என்ன சொல்லுது, அதச் சொல்லு" என்றாய். பொழுது சாய்வதற்குள் முழுவதையும் திரும்ப அளந்து முடித்தோம்.

படம் இருவருடையது என்பதால் நேர்முகத்துக்கு நம்மைச் சேர்த்தே கூப்பிட்டார்கள். கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் குறிப்பேட்டைப் புரட்டினார். அடித்த பக்கங்கள் வந்ததும் நிறுத்தினார்.

"இது யார் கையெழுத்து?"

"என்னுடையது சார்."

"காம்பஸ் பக்கத்தில் சுத்தியலா? இவ்வளவு அடிப்படையான தவறா?"

"ஆமாம் சார். மறுபடி அளந்தோம்."

நீ சொன்னது எதுவும் பொய் இல்லை. 'அளந்தது நான் சார்' என்று நான் சொல்லியிருக்க வேண்டும். மூன்றே வார்த்தை. மேஜை விளிம்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் என் பக்கம் திரும்பிச் சுலபமாக இரண்டு கேள்வி கேட்டார், பதில் சொன்னேன்.

வெளியே பஸ் நிறுத்தத்தில் நான் அழுதேன். "நீ வாயத் தொறந்திருந்தா ரெண்டு பேரும் அவுட்டு. ஒருத்தியாவது உள்ள போவட்டும். விடுளா, பசிக்கி" என்றாய். அடுத்த வாரம் வேலைக் கடிதம் மாதுங்காவில் என் வீட்டுக்கு வந்தது.

உன் கணக்கு சரிதானா? அந்தப் பெரியவர் களத்தில் அலைந்தவர் மாதிரி இருந்தார். உண்மையைச் சொல்லியிருந்தால் சிரித்துவிட்டு உன்னை எடுத்திருக்கலாம். இத்தனை வருடமும் இதுதான் என்னைக் குடைகிறது.

நீ டிரெய்னிங் முடித்துத் திரும்பி வந்து, ஓய்வு பெறும்வரை செம்பூர்ப் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தினாய். வருடா வருடம் பிள்ளைகளை அதே குன்றுக்குக் கூட்டிப் போனாய். நான் ஏ.சி. அறையில் பாறையைக் காகிதக் கனத்துக்குத் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். என் பணி நிறைவு விழாவில், 'பதிவேட்டில் ஒரு பிழை இல்லாதவர்' என்று மேனேஜர் புகழ்ந்தார். முன்வரிசையில் உட்கார்ந்து நீ பலமாகக் கைதட்டினாய். உன் பக்கம் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

கடைசியாக ஆஸ்பத்திரியில் பேச்சை எடுத்தேன். "மூச்சு வாங்குது, அப்புறம் சொல்லு" என்றாய்.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு உன் மகள் டோம்பிவிலி வீட்டிலிருந்து அந்தக் குறிப்பேட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு பக்கம்கூடக் குறையவில்லை. வாஷியிலிருந்து திரும்பியதும் அதை எடுத்தேன். நீ போட்ட கோடும் ஓரத்தில் எழுதிய வரியும் மங்காமல் இருக்கின்றன. அந்த வரிக்குக் கீழே என் பெயரையும் இன்றைய தேதியையும் போட்டு ஒன்று சேர்த்திருக்கிறேன்: சுத்தியல் என் இடுப்பில் இருந்தது.