தேயிலைக்காரருக்குக் கிடைத்த வள்ளம்

அனுப்புநர்:
ஆறுமுகத்தாய், க/பெ. இசக்கியப்பன்,
தாயகம் திரும்பியோர் குடியிருப்பு, குடிசை எண் 9,
ஆலந்தலை.

பெறுநர்:
உயர்திரு மறுவாழ்வு அலுவலர் அவர்கள்,
தூத்துக்குடி.

பொருள்: கொழுந்து பறிக்க மட்டுமே தெரிந்த குடும்பத்தை மீன் பிடிக்க அனுப்பியது – வேறு தொழில் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் நோட்டீஸ், நாள் 27-5-1974.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நானும் என் கணவரும் இலங்கையில் முப்பது வருஷம் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர்கள். இங்கே வந்து இறங்கியதும் முகாம் குமாஸ்தா, "கடலில் பழக்கம் உண்டா?" என்று கேட்டார். மூன்று மணி நேரம் கப்பலில் வந்தும் வாந்தி எடுக்காத பெருமையில் என் கணவர், "உண்டு" என்று சொல்லிவிட்டார். மறுவாழ்வாக வள்ளமும் வலையும் வந்து சேர்ந்தன. சொன்னவர் முட்டாள்தான், ஒப்புக்கொள்கிறேன். கேட்டவர் இன்னொரு கேள்வியும் கேட்டிருக்கலாம்.

2. என் நாத்தனார் குடும்பத்தைப் பர்மா அரசாங்கம் கழுத்தைப் பிடித்துத் தள்ளியது. இலங்கை அரசாங்கம் பத்து வருஷம் காகிதம் பார்த்து, முத்திரை குத்தி, மரியாதையாகக் கழுத்தைப் பிடித்தது. உகாண்டாவிலிருந்து துரத்தப்பட்டவர்களை இங்கிலாந்துக்காரன் பட்டாளத்துக் கொட்டகையில் தங்கவைத்துக் கம்பளி கொடுத்தானாம். டீக்கடைப் பேப்பரில் இருந்தது. நம் அரசாங்கம் எங்களைக் கட்டி அணைத்துக்கொண்டது. அதில் குறையே இல்லை. அணைத்த கையோடு கடலில் தள்ளியதுதான் குறை.

3. முதல் நாளே, அலை தாண்டுமுன் என் கணவர் வள்ளத்திலிருந்து விழுந்தார். அவருக்கு நீச்சல் தெரியாது. பக்கத்து வள்ளத்துச் சத்தியராஜ் தலைமுடியைப் பிடித்துத் தூக்கினார். அவர் மனைவி பிளாரன்ஸ் என்னிடம், "ஏளா, ஒம் மாப்பிள்ளைய இனிமே கடலுக்கு விடாத. எல்லா நாளும் முடி கையில ஆம்புடாது" என்றாள்.

4. ஜூன் 15-க்குள் தொழிலுக்குப் போகாவிட்டால் குடிசையையும் எடுத்துக்கொள்வோம் என்கிறது தங்கள் நோட்டீஸ். அதைப் படித்ததிலிருந்து, இன்னொரு தடவை மூட்டை கட்டுவதைவிடக் கடலில் போவதே மேல் என்கிறார் என் கணவர். எனக்குப் பயமாக இருக்கிறது, ஐயா.

5. இதே ஜில்லாவின் மேற்கு மலையில் தேயிலை விளைகிறது. வள்ளத்தைத் தொழில் தெரிந்தவருக்குக் கொடுத்துவிட்டு எங்களை அங்கே அனுப்பிவைக்கக் கேட்டுக்கொள்கிறேன். அது முடியாதென்றால், 15-ஆம் தேதி தாங்களும் என் கணவரோடு வள்ளத்தில் ஏறலாம். தலைமுடியைச் சற்று வளர்த்துக்கொண்டு வருமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இடம்: ஆலந்தலை
நாள்: 3-6-1974

தங்கள் தயவை நம்பியிருக்கும்,
ஆறுமுகத்தாய்

பி.கு.: நீச்சல் பழகுவதற்காக என் கணவர் தினமும் காலையில் கடலில் இறங்குகிறார். நேற்று இடுப்பளவு. இன்று கழுத்தளவு. பதிலைத் தபாலில் போடாமல் ஆள் மூலம் அனுப்பவும்.