ஒதுங்கி நின்றவர்கள்

மாமாவுக்கு, திருப்பூரிலிருந்து செல்லம் வணங்கி எழுதுவது. நான் நலம். உங்கள் இடுப்பு வலி தேவலையா? நம் மகள் தமிழ்மொழி ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

போனில் பேசினால் விடுதியே கேட்கும், அதனால் எழுதுகிறேன். பயப்படாதீர்கள். போன வாரம் கம்பெனியில் எச்.ஐ.வி. பரிசோதனை முகாம் நடந்தது. விருப்பமுள்ளவர்கள் வரலாம் என்றதும், தாலி கட்டிக்கொண்ட நாங்கள் எல்லாரும் ஒதுங்கிக்கொண்டோம். கல்யாணமாகாத பெண்கள்தான் வரிசையில் நின்றார்கள்.

"வீட்டுக்காரரைத் தவிர எனக்கு யாரையும் தெரியாதுங்க" என்று நர்சிடம் சொன்னேன்.

"எங்கிட்ட வந்து அழுத பொம்பளைங்க எல்லாம் அதையேதாம்மா சொன்னாங்க" என்றார்.

கையை நீட்டினேன். எனக்கு இல்லை என்று வந்தது. அந்தச் சீட்டை இதனுடன் வைத்திருக்கிறேன்.

கீழவாஞ்சூரில் நிலக்கரி ஏற்றிக்கொண்டு லாரியில் போனால் பத்து நாள் கழித்துத்தான் வீடு திரும்புகிறீர்கள். எங்கே, யாரோடு என்று நான் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை. காரைக்கால் பெரியாஸ்பத்திரியில் இலவசமாகவே பார்க்கிறார்கள்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் என் பழைய போர்வையைக் கொடுத்தனுப்புங்கள். இங்கே தூக்கமே பிடிப்பதில்லை.

ஷிப்டுக்கு மணி அடித்துவிட்டது. பொங்கலுக்கு என்னை அழைக்க பஸ் ஸ்டாண்டு வரும்போது உங்கள் சீட்டையும் கொண்டு வாருங்கள். இல்லையென்றால் நான் தமிழ்மொழியோடு படுத்துக்கொள்வேன்.

செல்லம்