இன்னும் ஒரே ஒரு அவுட்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நீ போனை எடுத்திருந்தால் இப்படி வெறுமனே நம்பிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஏழு மாதத்தில் பதினோரு முறை கூப்பிட்டுவிட்டேன். கடிதம் என்றால் கதவுக்கடியில் வந்து விழுந்துதானே ஆக வேண்டும்.

கண்ணாடிக் கடை பழையபடி ஓடுகிறது. பேஸ்பால் மைதானத்தில் நான் அம்பயராக நிற்கும்போது, "மேடம், உங்க கடையிலயே ஒரு நல்ல கண்ணாடியாப் பாத்துப் போட்டுட்டு வாங்க" என்று கத்துகிறவர்களும் பழையபடி கத்துகிறார்கள். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாகிவிட்டது.

இரண்டாவது இன்னிங்ஸ். பிட்ச்சர் பந்தை வீசக் கையைத் தூக்கும்போது ஆட்டத்தை நிறுத்தினேன். "பத்துப் பேர் நிக்கறீங்க, ஒருத்தர் வெளிய போங்க" என்றேன். கேப்டன் திரும்பி எண்ணிப் பார்த்தார். நானும் எண்ணினேன். ஒன்பது பேர்தான். "மன்னிச்சுக்கங்க" என்று சொல்லி ஆட்டத்தைத் தொடங்கினேன். யாரும் சிரிக்கவில்லை. சென்டர் ஃபீல்டருக்குப் பின்னால், வேலியோரம் ஒருவர் நின்றதை நான் பார்த்தேன் என்பது அவர்கள் எல்லோருக்கும் புரிந்துவிட்டது போலிருந்தது.

இன்னொன்று. கமிட்டி விசாரணையில் நீ எனக்காகச் சொன்னதற்கு இதுவரை நான் நன்றி சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். ஒரு நாளாவது வந்து போ.

அன்புடன்,
அக்கா


மார்ச் 17

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. வேலை அதிகம், அதனால்தான் போன் எடுக்கவில்லை. இந்த ஊரில் பழைய கட்டடங்கள் நிறைய. ஒவ்வொன்றிலும் ஒரு லிஃப்ட் பழுதாகி நிற்கிறது. பகல் முழுவதும் லிஃப்ட் இறங்கும் குழிக்குள்தான் இருக்கிறேன். அங்கே ஜன்னல் கிடையாது, மழை பெய்தாலும் தெரியாது. அது எனக்குப் பிடித்திருக்கிறது.

பத்துப் பேர் என்று எண்ணியதைப் பெரிதுபடுத்தாதே. வெயிலில் நின்றால் யாருக்கும் அப்படித்தான் தெரியும். கொஞ்ச நாள் ஓய்வெடு.

நன்றியெல்லாம் சொல்லாதே, அக்கா. அந்தப் பேச்சையே விட்டுவிடு.

தம்பி


மார்ச் 25

அன்புள்ள தம்பிக்கு,

விட்டுவிடத்தான் பார்க்கிறேன். அது என்னை விடமாட்டேன் என்கிறது. நாம் இருவரும் ஒரே மைதானத்தில் அம்பயர்களாக நின்றோம், ஆனால் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொண்டதில்லை. நானே தொடங்குகிறேன். சரியாக நினைவிருக்கிறதா என்று நீ சொல்.

அந்த இரண்டு அணிகளின் ஆட்டம் அதற்கு முன்பு இரண்டு தடவை மழையால் பாதியில் நின்றுபோயிருந்தது. ஐந்தாவது இன்னிங்ஸ் முடியாமல் நின்றால் ஆட்டமே செல்லாது, மறுபடி முதலிலிருந்து ஆட வேண்டும். முன்னணியில் இருக்கிற அணி அடுத்துதான் பேட் செய்யப்போகிறது என்றால் நாலரை இன்னிங்ஸ் போதும். அன்று சொந்த மைதான அணி ஆறுக்கு இரண்டு என்று முன்னணியில் இருந்தது. ஐந்தாவதின் முதல் பாதி, மூன்றில் இரண்டு பேர் அவுட். இன்னும் ஒரே ஒரு அவுட் விழுந்தால் மூன்று வாரத் தொல்லை தீர்ந்துவிடும். என் மனதில் அது ஒன்றுதான் இருந்தது.

பேட் செய்ய வந்தவர் அந்த பஸ் டிரைவர். இரண்டு ஸ்ட்ரைக் ஆனதும் பேட் செய்யும் கட்டத்தைவிட்டு வெளியே வந்து ஷூ லேஸைக் கட்டினார். பிறகு, "மேடம், இடி சத்தம் கேட்டுச்சா?" என்றார்.

"தோக்கற டீமுக்குத்தான் எப்பவும் மொதல்ல கேக்கும். நாடகம் போடாம உள்ள வாங்க" என்றேன். கேட்ச்சர் சிரித்தார்.

ஆனால் தம்பி, எனக்கும் கேட்டிருந்தது. தூரத்தில் யாரோ கடை ஷட்டரை இழுத்து மூடுவது போல. மழைக்காக ஆட்டத்தை நிறுத்துவது பேட்டருக்குப் பின்னால் நிற்கிற பிளேட் அம்பயரின் முடிவு. என்னுடைய முடிவு. 'இந்த ஒருத்தர் மட்டும்' என்று நினைத்தேன்.

அவர் பந்தை உயரமாக அடித்தார். சென்டர் ஃபீல்டில் நின்ற அச்சகத்துக்காரர் பந்தைப் பார்த்தபடி பின்னால் போனார். பந்து மேலே இருக்கும்போதே எல்லாம் வெள்ளையாகிவிட்டது. கண் தெளிந்தபோது அவர் கீழே கிடந்தார், பந்து அவருக்குப் பக்கத்தில் விழுந்து உருண்டது. அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? ஆட்டத்தை நிறுத்த 'டைம்' சொல்லவில்லை. இரண்டு கையையும் விரித்து, 'கேட்ச் இல்லை' என்று காட்டினேன். ஒரு மனிதர் செத்துக் கிடக்கிறார், நான் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கமிட்டியில், "இடி எதுவும் கேட்கலை, மின்னலும் தெரியலை" என்று நீ சொன்னாய். யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது என்று எழுதி மூடிவிட்டார்கள். பஸ் டிரைவர் சொன்னதை, தோற்றவர் பேச்சு என்று தள்ளிவிட்டார்கள். நீ எனக்காகப் பொய் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். அந்தப் பொய்யின் மேல்தான் நான் நின்றுகொண்டிருக்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 8

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

எல்லாம் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாய், கடைசி ஒன்றைத் தவிர. நான் உனக்காகப் பொய் சொல்லவில்லை.

முதல் பேஸ் பக்கத்தில் நின்ற எனக்கு, உனக்கு இடி கேட்பதற்கு முன்பே மின்னல் தெரிந்தது. இடது பக்கத்து மரங்களுக்குப் பின்னால், இரண்டு முறை. ஆட்டத்தை முடிப்பது உன் உரிமை. ஆனால் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்க 'டைம்' என்று சொல்ல எந்த அம்பயருக்கும் உரிமை உண்டு. ஷூ லேஸ் கட்டுகிற அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்கலாம். என் கை தோள்வரைக்கும் போனது. பிறகு தொப்பியைச் சரிசெய்தேன்.

ஏன் என்று கேட்பாய். அதற்கு இரண்டு வாரம் முன்பு, ஓட்டக்காரர் இரண்டாவது பேஸுக்கு ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு ஃபீல்டர் காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். நான் பதறிப்போய் 'டைம்' சொல்லிவிட்டேன். ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது சொல்லக் கூடாது, தப்புதான். நீ மாஸ்க்கைக் கழற்றிவிட்டு, இரண்டு அணியும் பார்க்க, "வாயை மூடிட்டு நில்லுடா. நான் சொல்ற வரைக்கும் நீ எதுவும் சொல்லாத" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். அதற்கப்புறம் உன்னைப் பார்க்காமல் நான் எதையும் சொன்னதில்லை. அன்றும் உன்னைத்தான் பார்த்தேன். நீ பேட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

உன்மேல் பழி போட இதை எழுதவில்லை. இல்லை, கொஞ்சம் போடுகிறேன் என்றுதான் நினைக்கிறேன்.

கமிட்டியில் மின்னலைப் பார்த்தேன் என்று சொன்னால், "அப்ப நீ ஏன் நிறுத்தலை?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் எதையும் பார்க்கவில்லை என்றேன். நீ தப்பித்தது அதனால் நடந்தது, அவ்வளவுதான். குழிக்குள் யாராவது வெல்டிங் வைத்தால் அந்த வெளிச்சம் பட்டதுமே நான் ஏணியை விட்டுவிடுகிறேன், அக்கா. போன வாரம் ஒருவர் என் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். இல்லாவிட்டால் மூன்று மாடி.

தம்பி


ஏப்ரல் 20

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். அதற்குப் பிறகு, 'வாயை மூடிட்டு நில்லுடா' என்று சொன்ன என் குரல் எனக்கே கேட்கத் தொடங்கியது. அதன்பிறகு கோபப்படுவதற்கு யாரும் மிச்சமில்லை.

நேற்று நூலகத்துக்குப் போனேன். அச்சகத்துக்காரரின் மனைவி அங்கே புத்தகம் கொடுக்கிற மேஜையில் இருக்கிறார். விசாரணைக்கு வந்தபோது பார்த்ததைவிட மெலிந்துபோயிருந்தார். எனக்கு முன்னால் இருந்தவர் போனதும், "என்ன புத்தகம் வேணும்?" என்றார். நிமிர்ந்து பார்த்துவிட்டு, "ஓ, நீங்களா?" என்றார்.

அலமாரிகளுக்கு நடுவில் இரண்டு நாற்காலியில் உட்கார்ந்தோம். சுற்றி வளைக்காமல் சொன்னேன். "எனக்கு இடி கேட்டுச்சுங்க. ஆட்டம் முடியட்டும்னு நான் நிறுத்தலை."

அவர் அழவில்லை, திட்டவும் இல்லை. கையிலிருந்த தேதி முத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "உங்க முதுகுக்குப் பின்னாடிதான் நான் உக்காந்திருந்தேன்" என்றார். "அந்த டிரைவர் லேஸ் கட்டறப்போ, இவர் தொப்பியக் கழட்டி இந்தப் பக்கமாத் தலைக்கு மேல ஆட்டினாரு. எனக்குத்தான் கை காட்டறாருன்னு நெனச்சேன். நானும் சிரிச்சுக்கிட்டே கையக் காட்டினேன். அவர் திரும்பத் திரும்ப ஆட்டினாரு. நானும் ஆட்டினேன்."

அவர் முத்திரையை மடியில் வைத்தார்.

"வீட்டுக்குப் போனப்புறம்தான் தோணுச்சு. ஆட்டத்துக்கு நடுவுல அவர் என்னைத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாரு. உங்களக் கூப்பிட்டிருக்காரு. இத நான் யார்கிட்டயும் சொல்லலை. அம்பயருக்கே ஒண்ணும் தெரியலைன்னு எழுதிக் குடுத்துட்டாங்களா, அப்ப நான்தான் ஏதோ கற்பனை பண்ணிக்கறேன்னு நெனச்சேன். ஏழெட்டு மாசமா எனக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சுன்னு நெனச்சுக்கிட்டிருக்கேன்."

நம்முடைய பொய் அவரை என்ன செய்திருக்கிறது பார், தம்பி.

கிளம்பும்போது கேட்டார்: "அந்த இன்னொரு அம்பயர்? அவருக்காவது ஏதாவது தெரிஞ்சுதா?"

"அவன் என் தம்பி. அவன்தான் சொல்லணும்" என்றேன். அதற்குமேல் சொல்லவில்லை.

கமிட்டிக்கு எழுதக் காகிதத்தை எடுத்து வைத்திருக்கிறேன். இன்னும் தைரியம் வரவில்லை. அவர் ஒருவரிடம் மட்டும் நேரில் சொல்லிவிட முடிந்தது. இது ஊருக்கே சொல்வது. எழுதினால் உன்னையும் இழுப்பார்கள். என்ன செய்யட்டும்?

அக்கா


ஏப்ரல் 26

அன்புள்ள அக்காவுக்கு,

சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு வராதே.

முதலில் நூலகத்துக்குப் போவேன். அவர் என்னைப் பார்க்க விரும்பாவிட்டாலும், 'நீங்கள் பார்த்தது உண்மை' என்பதை மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுவேன். அங்கிருந்து கமிட்டிச் செயலாளர் வீட்டுக்கு. நான் கொடுத்த வாக்குமூலம் பொய் என்று எழுதிவிட்டேன். இரண்டு பக்கம் வந்திருக்கிறது. பஸ் டிரைவர் சொன்னது சரி என்றும் எழுதியிருக்கிறேன். உனக்கு இடி கேட்டதைப் பற்றி எதுவும் எழுதவில்லை, ஆனால் என் காகிதத்தைப் படித்ததும் உன்னைக் கூப்பிடுவார்கள். அதன்பிறகு நம் இருவரையும் எந்த மைதானத்திலும் நிற்க விடமாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

என்ன செய்யட்டும் என்று கேட்டிருந்தாய். நீ என்னைக் கேட்பது இதுதான் முதல் தடவை. நான் உன்னைக் கேட்காமல் ஒன்றைச் செய்வதும் இதுதான் முதல் தடவை.

மதியம் உன் வீட்டு வாசலுக்கு வருவேன். கோபமிருந்தால் திறக்காதே. கொஞ்ச நேரம் படியில் உட்கார்ந்திருந்துவிட்டு மாலை ரயிலுக்குப் போய்விடுகிறேன். திறந்தால் சாப்பிடுகிறேன். பசியோடுதான் வருவேன்.

தம்பி