உப்பு பூத்த நீலம்

ஐப்பசி 6, புதன்
விடியலிலிருந்து தூறல். உறையூரில் சூளை திறந்தாயிற்று. இருந்தவர்கள்: நான், ஆத்துக்காரர், அவர் தங்கை வசந்தா, வீட்டிலேயே மின்சூளை வைத்திருக்கும் ஸ்டெல்லா டீச்சர். வேறு யாருமில்லை. அந்த மட்டும் நிம்மதி.

நீலம் வரவில்லை. ஊஞ்சலில் பதிக்க நான் செய்த தாமரை இதழெல்லாம் சாம்பலாக, சொரசொரவென்று. செய்முறை வீடியோவில் எகிப்து ராஜாவின் மரப்பெட்டியில் பதித்தவை எப்படி மின்னின! களிமண்ணே கிடையாது. வெள்ளைக்கல் மாவு, சோடா உப்பு, செம்புத்தூள். நானும் அதே அளவுதான்.

வசந்தா: "மன்னி, எகிப்துக்குப் போயிட்டு செங்கல்லோட வந்திருக்கேளே!"

டீச்சர் சிரிக்கவில்லை. "வெள்ளிக்கிழமை இன்னொரு தடவை சூளை போடறேன், கொண்டு வாங்க." மாடி அறையில் இரண்டாம் தட்டு இதழ்கள் காய்கின்றன.

பெருமாள் ஊஞ்சல் பலகையில் தச்சர் வெட்டிய பள்ளங்கள், பல் விழுந்த வாய் மாதிரி. இந்த முறையும் வராவிட்டால் பிளாஸ்டிக் கல் ஒட்டிவிடலாம் என்கிறாள் வசந்தா. அவரும் தலையாட்டிவிட்டார். பெருமாளுக்குப் பிளாஸ்டிக்கா?

7, வியாழன்
கொஞ்சம் வெயில். எலுமிச்சை ரசம், சேனை வறுவல். கொல்லைச் சுவரில் மறுபடி உப்பு. துடைத்துக்கொண்டிருந்தேன்.

வசந்தா வந்தாள். "ஏன் மன்னி தேய்க்கறேள்? ஈரம் காயக் காய உள்ள இருக்கற உப்பு வெளியில வந்துண்டேதானே இருக்கும்."

கை நின்றுவிட்டது.

முதல் தட்டு காய்ந்தபோதும் இப்படித்தான் வெள்ளைப் பொடி. தூசி என்று நினைத்தேன். பெருமாள் காரியமாயிற்றே, பழைய வேஷ்டித் துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்துத்தான் கொடுத்தேன். அந்த உப்புதான் சூட்டில் உருகிக் கண்ணாடியாக வேண்டியது! மெருகை நானே துடைத்துப் போட்டிருக்கிறேன்.

மாடிக்கு ஓட்டம். இரண்டாம் தட்டு காய்ந்து வெள்ளை வெளேரென்று பூத்திருந்தது. பின்னாலேயே வசந்தா, கையில் துணி.

"தொடாதேடீ!" தெருவுக்கே கேட்டிருக்கும்.

8, வெள்ளி
தட்டு மடியில். ஆட்டோ. வழியெல்லாம் "மெதுவாப்பா, மெதுவாப்பா."

அவர்: "கொழந்தையக்கூட நீ இப்படித் தூக்கிண்டு போகலை."

10, ஞாயிறு
நீலம்! நீலம்! அத்தனையும் நீலம்!

ரங்கா, உன் திருமேனி நிறம்.

டீச்சர் கைதட்டினார். "மாதாவே, என்ன கலருங்க!" ஆத்துக்காரர் ஓர் இதழைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். திருப்பி வாங்கிவிட்டேன்.

வந்ததும் பள்ளத்தில் வைத்துப் பார்த்தேன். கச்சிதம். கண்ணைத் துடைத்துக்கொண்டு சாதம் வைத்தேன்.

வசந்தாவுக்குப் படத்தோடு அனுப்பியது: "பிளாஸ்டிக் கல் வாங்காதே. செவ்வாய்க்கிழமை பதிக்கிறேன். உப்பைப் பற்றிச் சொன்னவள் நீதான், முதல் இதழும் நீதான் வைக்கணும். வருவியா? சீக்கிரம் பதில் போடு."